பெயர் தாங்கும் கல்

மனிதன் மறதியுடையவன். மறதி ஒருவகையில் அவனுக்கு வாய்த்த நன்மையே ஆகும். நேற்றுப் பட்ட நோவை இன்று மறக்க இயலாதாயின், எவராலும் உழைக்கவும் இயலாது, உறங்கவும் இயலாது. ஆயினும் மறக்கத் தகாதன என்று சில உண்டு. அவற்றைத் தம் நெஞ்சை மட்டும் நம்பி விட்டுவிடாமல், கல்லிடமும் சுவரிடமும் ஓவியத்திடமும் ஒப்படைத்து வைக்கும் வழக்கம் எல்லா நாட்டு மக்களிடத்தும் காணப்படுகிறது. பெருந்துயரை நினைவில் நிறுத்துவதற்குக் கலையும் கட்டடமும் எவ்வாறு துணை செய்கின்றன என்பதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இவ்வழக்கம் நமக்குப் புதியதன்று. போரில் மாண்ட வீரனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாக வகுத்துக் கூறுகிறது. தக்க கல்லைத் தேடிக் காண்பது, நாள் பார்த்துக் கொணர்வது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது என அம்முறை ஆறு பகுதிகளாக அமைகின்றது. இவற்றுள் சிற்பியின் வேலை சிறிது. ஊரார் ஒன்றுகூடிச் செய்யும் வேலையே பெரிது. கல்லை நட்டவுடன் கடமை தீர்ந்தது என்று நம் முன்னோர் கருதவில்லை.

பழைய வட ஆர்க்காட்டுப் பகுதி நடுகற்களுக்குப் பெயர் பெற்ற நிலம். செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் தேடித் தொகுத்து 1972-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டனர். அவற்றுள் எடுத்தனூர் என்னும் சிற்றூரில் கண்ட கல் ஒன்று. அது முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது; எனவே ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுப் பழமையுடையது. தன் எருமைகளைக் காத்து நின்று மாண்ட கருந்தேவகத்தி என்பவனின் உருவம் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. அவனோடு ஒரு நாயின் உருவமும் உண்டு. அந்த நாய் இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியை எழுத்து கூறுகிறது. நாயின் பெயர் கோவிவன் என்பதையும் அது கூறத் தவறவில்லை. பேரரசர் பலருடைய அரண்மனைகள் இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிட்டன. ஆனால் ஒரு சிற்றூரில் எருமை காத்த நாயின் பெயர் இன்றும் நமக்குத் தெரிகிறது. பெயரைக் கல்லில் எழுதுவதன் ஆற்றல் இத்தகையது.

ஒருவன் மாண்டால் ஒரு கல் நடலாம். ஆயிரவர் மாண்டால் என் செய்வது? பல இலட்சம் மக்கள், அதிலும் படைக்கலம் ஏந்தாத முதியோரும் பெண்டிரும் குழந்தைகளும், திட்டமிட்டுக் கொல்லப்பட்டால் அதற்கு எந்தக் கல் ஈடாகும்? இவ்வினா இருபதாம் நூற்றாண்டில் உலகின் முன் வந்து நின்றது.

யூதர்கள் நமக்கு அயலானவர் அல்லர். கொச்சியில் அவர்கள் 1568-ஆம் ஆண்டில் எழுப்பிய தொழுகைக் கூடம் இன்றும் நிற்கிறது. ஐரோப்பாவில் வாழ்ந்த யூதர்களுக்கோ, 1933-ஆம் ஆண்டில் ஹிட்லர் ஜெர்மனியில் ஆட்சிக்கு வந்தது முதல் கொடுங்காலம் தொடங்கியது. முதலில் உரிமைகள் பறிக்கப்பட்டன. பின்னர் வீடும் தொழிலும் பறிக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போர் நடந்த ஆண்டுகளில் உயிரே பறிக்கப்பட்டது. போர் முடிந்த 1945-ஆம் ஆண்டுக்குள் ஏறத்தாழ அறுபது இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ பதினைந்து இலட்சம் பேர் குழந்தைகள்.

அறுபது இலட்சம் என்று சொல்லிவிட்டேன்; நீங்களும் கேட்டுக்கொண்டீர்கள். ஆனால் உங்கள் நெஞ்சில் ஒரு முகமேனும் தோன்றியதா? தோன்றியிராது. பேரெண்ணுக்கு முகம் இல்லை. பத்துப் பேர் இறந்தார்கள் என்றால் கலங்குகின்ற மனம், பத்து இலட்சம் பேர் என்றால் திகைத்து நின்றுவிடுகிறது. கலையின் உதவி நமக்குத் தேவைப்படும் இடம் இதுவே. எண்ணுக்குள் மறைந்து போன ஒருவரை மீட்டு நம் கண்முன் நிறுத்துவது அதன் பணி. ஐரோப்பியக் கலைஞர்கள் இப்பணியை எவ்வெவ்வாறு செய்தார்கள் என்பதற்குச் சில சான்றுகள் கூறுகிறேன்.

ஹங்கேரி நாட்டின் தலைநகர் புடாபெஸ்ட். அந்நகரின் ஊடே டான்யூப் ஆறு ஓடுகிறது. 1944-ஆம் ஆண்டின் இறுதியிலும் 1945-ஆம் ஆண்டின் தொடக்கத்திலும், கடுங்குளிர் காலத்தில், அந்நாட்டு நாஜி ஆதரவுக் கட்சியினர் யூதர்களை ஆற்றங்கரைக்கு இழுத்து வந்தனர். கரையோரம் நிறுத்திச் சுட்டனர். உடல்கள் ஆற்றில் விழுந்து மிதந்து சென்றன. சுடுவதற்கு முன்பு காலணிகளைக் கழற்றிவிடச் சொன்னார்கள். அக்காலத்தில் காலணி விலைமதிப்புள்ள பொருள். உயிரை மதியாதவர்கள் தோலை மதித்தார்கள்!

அதே கரையில் 2005-ஆம் ஆண்டில் ஒரு நினைவுச் சின்னம் அமைக்கப்பட்டது. திரைப்பட இயக்குநர் ஜான் டோகாய் என்பவரின் கருத்துக்குச் சிற்பி கியூலா பாவர் வடிவம் கொடுத்தார். அங்கே கோபுரமும் இல்லை, சிலையும் இல்லை. அறுபது இணைக் காலணிகள் இரும்பில் வார்க்கப்பட்டுக் கரையோரம் வைக்கப்பட்டுள்ளன, அவ்வளவே. ஆடவர் அணியும் பூட்ஸ், பெண்டிர் அணியும் குதியுயர்ந்த காலணி, குழந்தையின் சிறு காலணி ஆகிய யாவும் அக்காலத்து அமைப்பிலேயே உள்ளன. சில நேராக நிற்கின்றன. சில சாய்ந்து கிடக்கின்றன. அணிந்தவர் சற்று முன்புதான் கழற்றி வைத்தது போன்ற தோற்றம். காண வருவோர் அவற்றுள் மலர் வைத்துச் செல்கின்றனர்.

இச்செய்தியை அறிந்தபோது எனக்கு நம் வட்டாரத்து நினைவு வந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பு எரிவது தோலாலும் காலணியாலும் அன்றோ? ஆம்பூரில் காலணித் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர் எனக்குச் சொன்னதை இங்கே கூறுகிறேன். புதுக் காலணிகள் ஆயிரம் இருப்பினும் அவை யாவும் ஒன்று போலவே இருக்கும். ஆனால் ஒருவர் ஓராண்டு அணிந்த காலணியோ வேறு எதனோடும் ஒவ்வாது. குதி தேய்ந்த பக்கத்தைப் பார்த்தே அணிந்தவரின் நடையைச் சொல்லிவிடலாம். விரல்கள் அழுந்திய இடம் தோலில் பதிந்திருக்கும். தோல் தன்னை அணிந்தவரை மறப்பதில்லை என்றார் அவர். அச்சிற்பி அறிந்த உண்மையும் அதுவே.

போலந்து நாட்டில் ஆஷ்விட்ஸ் என்னும் கொலைக்களம் இன்று காட்சிச்சாலையாக உள்ளது. கொல்லப்பட்டவர்களின் மெய்யான காலணிகள் ஏறத்தாழ 1,10,000 அங்கே பாதுகாக்கப்படுகின்றன. அவற்றுள் ஏறத்தாழ 8,000 குழந்தைகளுடையவை. தோல் எத்தகைய பொருள் என்பதை உங்களிற் பலர் வீட்டிலேயே அறிந்திருப்பீர்கள். எண்ணெய்ப் பசை வற்றினால் அது வறண்டு வெடிக்கும். ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும். எனவே வல்லுநர்கள் அச்சிறு காலணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துப் பேணி வருகின்றனர். கழற்றி எறியப்பட்ட குழந்தைக் காலணியை எண்பது ஆண்டுக்குப் பின் ஒருவர் கையில் ஏந்தித் துடைப்பதும் ஒரு வழிபாடே. நம் முன்னோர் கல்லை நீராட்டியதற்கும் இதற்கும் உள்ள உறவை எண்ணிப் பாருங்கள்.

இனிச் செக் நாட்டின் தலைநகராகிய பிராகாவுக்குச் செல்வோம். அங்கே பிங்காஸ் என்னும் பழைய யூதத் தொழுகைக் கூடம் ஒன்று உண்டு. 1954 முதல் 1959 வரையில் இரு ஓவியர்கள் அதன் உட்சுவர்களில் கையால் பெயர் எழுதினார்கள். பொஹீமியா, மொராவியா ஆகிய பகுதிகளில் கொல்லப்பட்ட யூதர்கள் ஏறத்தாழ 80,000 பேரின் பெயர்கள் அவை. பெயர்களும் பிறந்த நாளும் இறுதியாக அறியப்பட்ட நாளும் தவிர வேறு ஓவியம் எதுவும் அச்சுவரில் இல்லை. உள்ளே செல்வோர் முதலில் சுவரில் ஏதோ சாம்பல் நிறப் பூச்சு என்று கருதுவர். நெருங்கி நின்றால் ஒவ்வோர் எழுத்தும் ஒரு மனிதராக மாறும். 1968-ஆம் ஆண்டில் நிலத்தடி நீரின் கசிவால் அக்கூடம் மூடப்பட்டது. பின்னர் பெயர்கள் அழிந்து போயின. அவற்றை அழிய விட்டது அக்காலத்து அரசின் புறக்கணிப்பு. ஆட்சி மாறிய பின் 1992 முதல் 1996 வரையில் அத்தனை பெயர்களையும் மீண்டும் முதலிலிருந்து எழுதினார்கள். சுவரும் மறக்கும், மறந்த சுவருக்கு மனிதனே மறுபடியும் கற்பிக்க வேண்டியிருக்கிறது.

அதே கூடத்தில் குழந்தைகள் வரைந்த ஓவியங்களும் வைக்கப்பட்டுள்ளன. தெரெசின் என்னும் ஊரில் யூதர்களை நாஜிகள் அடைத்து வைத்திருந்தனர். அங்கே 1942-ஆம் ஆண்டின் இறுதியில் கொண்டுவரப்பட்ட பிரீடில் டிக்கர்-பிராண்டைஸ் என்னும் ஓவிய ஆசிரியை, கிடைத்த காகிதத் துண்டுகளையெல்லாம் சேர்த்துக் குழந்தைகளுக்கு ஓவியம் கற்பித்தார். குழந்தைகள் பூ வரைந்தார்கள், வண்ணத்துப்பூச்சி வரைந்தார்கள், விட்டுவந்த வீட்டை வரைந்தார்கள். ஒவ்வொரு படத்திலும் அவரவர் பெயரை எழுதச் செய்தார் அந்த ஆசிரியை. அடைபட்ட இடத்தில் எண்ணாக மட்டுமே மதிக்கப்பட்ட குழந்தைக்கு அதன் பெயரைத் திரும்பக் கொடுத்தார் என்பதே இதன் பொருள். 1944-ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். செல்லுமுன் ஏறத்தாழ 4,500 ஓவியங்கள் இரண்டு பெட்டிகளில் மறைத்து வைக்கப்பட்டன. வரைந்த குழந்தைகளுள் மிகப் பலர் திரும்பவில்லை. ஓவியங்கள் திரும்பின. எந்த ஓவியம் எந்தக் குழந்தையினுடையது என்பது இன்றும் தெரிகிறது.

ஆசிரியராக வாழ்ந்த எனக்கு நெஞ்சைவிட்டு நீங்காத மற்றொருவர் உண்டு. அவர் போலந்து நாட்டின் யானுஷ் கொர்ச்சாக். அவர் மருத்துவர், எழுத்தாளர், வார்சா நகரில் யூத அனாதைக் குழந்தைகளின் இல்லத்தை நடத்தியவர். நாஜிகள் யூதர்களை நகரின் ஒரு பகுதிக்குள் அடைத்துச் சுவர் எழுப்பியபோது, அக்குழந்தைகளும் அவரும் உள்ளே அகப்பட்டனர். பசியும் நோயும் மிகுந்திருந்த அவ்விடத்தில் 1942-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள் குழந்தைகள் ஒரு நாடகம் நடித்தார்கள். அது எந்த நாடகம் என்று நினைக்கிறீர்கள்? நம் இரவீந்திரநாத் தாகூர் வங்க மொழியில் எழுதிய ‘அஞ்சல் நிலையம்’! நோயுற்று வீட்டுக்குள் அடைபட்ட அமல் என்னும் சிறுவன், சாளரத்தின் வழியே உலகைப் பார்த்துக்கொண்டு, அரசனிடமிருந்து தனக்கு ஒரு மடல் வரும் என்று காத்திருக்கும் கதை அது. சாவைக் கண்டு அஞ்சாதிருக்கக் குழந்தைகளைப் பழக்கவே கொர்ச்சாக் அதனைத் தேர்ந்தார் என்பர். ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ இருநூறு குழந்தைகளோடு அவர் திரெப்லிங்கா என்னும் கொலைக்களத்துக்கு அனுப்பப்பட்டார். தாம் மட்டும் தப்பிக்க வாய்ப்பிருந்தும் குழந்தைகளைக் கைவிட அவர் இசையவில்லை.

திரெப்லிங்காவில் எட்டு இலட்சம் பேருக்கு மேல் கொல்லப்பட்டனர். பின்னர் நாஜிகளே அந்த இடத்தை இடித்துச் சமமாக்கித் தடயத்தை மறைக்க முயன்றனர். ஆகவே அங்கே காட்டுவதற்குக் கட்டடம் இல்லை. 1964-ஆம் ஆண்டில் அவ்வெளியில் ஏறத்தாழ 17,000 கற்களை நட்டனர். அவை செதுக்கி அழகு செய்யாத கரடுமுரடான கற்கள். நம் ஊர்ப்புறத்து நடுகல்லையே ஒத்தவை. சில கற்களில் ஊர்ப் பெயர்கள் உள்ளன. அந்த ஊரின் யூதர்கள் அனைவரும் அக்கல்லுக்குள் அடக்கம். தனிமனிதர் பெயர் தாங்கும் கல் ஒன்றே ஒன்று. அதில் கொர்ச்சாக்கின் பெயரும் ‘குழந்தைகளும்’ என்னும் சொல்லும் பொறிக்கப்பட்டுள்ளன.

ஜெர்மனியின் தலைநகரான பெர்லினில் 2005-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட நினைவிடம் வேறு வகையினது. பீட்டர் ஐசன்மன் என்னும் கட்டடக் கலைஞர் 2,711 கான்கிரீட் தூண்பாளங்களை வரிசை வரிசையாக அமைத்தார். அவற்றில் எழுத்து ஒன்றும் இல்லை. உள்ளே நடக்க நடக்க நிலம் தாழ்கிறது. பாளங்கள் தலைக்கு மேல் உயர்கின்றன. வழி தெரியாத தனிமை சூழ்கிறது. எழுத்தில்லாத கல் எதனை நினைவூட்டும் என்று குறை கூறியவர்களும் உண்டு. அக்குறையை நிரப்பவே நிலத்துக்கடியில் ஓர் அறை அமைக்கப்பட்டது. அங்கே கொல்லப்பட்டவர்களின் பெயரும் சுருக்கமான வரலாறும் ஒவ்வொன்றாகப் படிக்கப்படுகின்றன. அனைவரைப் பற்றியும் அவ்வாறு படித்து முடிக்க ஆறரை ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டிருக்கின்றனர். அறுபது இலட்சம் என்று நான் ஒரு நொடியில் சொல்லிவிட்டேனே, அதன் மெய்யான நீளம் இதுதான்.

குண்டர் டெம்னிக் என்னும் கலைஞர் பெருஞ்சின்னம் எதுவும் வேண்டாம் என்று கருதினார். கொல்லப்பட்டவர் கடைசியாக விரும்பி வாழ்ந்த வீட்டின் எதிரே, நடைபாதையில், உள்ளங்கை அகலமுள்ள பித்தளைத் தகடு போர்த்திய கல்லைப் பதித்து வருகிறார். ‘இங்கே இன்னார் வாழ்ந்தார்’ என்று அது கூறும். ஐரோப்பா முழுவதிலும் இத்தகைய கற்கள் இன்று ஓர் இலட்சத்துக்கு மேல் உள்ளன. எனினும் மியூனிக் நகராட்சி தன் பொது நிலத்தில் இவற்றைப் பதிக்க இசையவில்லை. மாண்டவர் பெயரைக் கால்களால் மிதிக்கலாமா என்று அங்குள்ள யூதர் சிலரே வருந்திக் கேட்டனர். நூலின் மேல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நமக்கு அவ்வருத்தம் எளிதில் விளங்கும். ஆனால் அப்பெயரைப் படிக்க வேண்டுமாயின் எவரும் தலை குனிந்தே ஆக வேண்டும் என்று மறுதரப்பினர் கூறுவதிலும் பொருள் இருக்கிறது. நினைவை எங்கே வைப்பது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். வைக்க வேண்டும் என்பதில் இரு தரப்பினரும் ஒன்றுபட்டே நிற்கின்றனர்.

மாணவ நேயர்களே, இத்தனை தொலைவு சென்ற நாம் இனி ஊருக்குத் திரும்புவோம். காட்பாடியிலிருந்து பாலாற்றுப் பாலத்தைக் கடந்தால் வேலூர். வேலூரின் நடுவே அகழி சூழ்ந்த கருங்கல் கோட்டை. 1806-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் விடியுமுன் அங்கே இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்தார்கள். நெற்றியில் சமயக் குறி இடலாகாது, தாடியை மழிக்க வேண்டும், தோற்பட்டை வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்னும் கட்டளைகள் அவர்கள் உள்ளத்தைப் புண்படுத்தியிருந்தன. ஐரோப்பியர் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் மருத்துவமனையில் நோயுற்றுக் கிடந்தவர்களும் உண்டு. காலையில் ஆர்க்காட்டிலிருந்து கில்லஸ்பியின் குதிரைப் படை வந்து சேர்ந்தது. பின்னர் நிகழ்ந்தது பழிவாங்கல். அரண்மனையில் ஒளிந்திருந்தவர்கள் ஏறத்தாழ நூறு பேர் சுவரருகே நிறுத்திச் சுடப்பட்டனர். மாண்ட சிப்பாய்கள் 350 பேர் என்பாரும் உளர். 800 பேர் என்பாரும் உளர்.

வேலூரையும் ஐரோப்பிய யூதர் துயரையும் நான் ஒன்றாக வைத்து எடை போடவில்லை. இது படைக்கலம் ஏந்திய கிளர்ச்சி. அது ஓர் இனத்தையே வேரறுக்க முயன்ற கொடுமை. அளவும் தன்மையும் வேறு. ஆனால் மாண்டவரை நினைப்பது எப்படி என்னும் வினா இரண்டுக்கும் பொது.

பணியில் இருந்த காலத்தில் ஆண்டுதோறும் மாணவர்களைக் கோட்டைக்கு அழைத்துச் செல்வேன். நாளையும் எண்ணையும் சொல்வேன்; அவர்களும் எழுதிக்கொள்வார்கள். ஒருமுறை எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், சுவரருகே சுடப்பட்டவர்களின் பெயர் என்ன என்று கேட்டான். என்னிடம் விடை இல்லை. சுபேதார் ஷேக் ஆதம், ஜமேதார் ஷேக் காசிம் என்று விசாரணையில் முதன்மையாகக் குற்றஞ்சாட்டப்பட்ட சிலருடைய பெயர்களை மட்டுமே சொல்ல முடிந்தது. அப்பெயர்களும் தண்டித்தவர்களின் ஏடுகளால் நமக்குக் கிடைத்தவை. எண்ணூறா முந்நூற்றைம்பதா என்பதே தெரியாதபோது பெயர் எங்கே தெரியப் போகிறது? எருமை காத்த நாயின் பெயரை எழுதி வைத்த நாட்டில், சுவரருகே நின்று சுடப்பட்ட நூறு மனிதரின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லையே என்று அன்று நாணினேன்.

கோட்டைக்கு அருகிலுள்ள பழைய ஐரோப்பியர் கல்லறைத் தோட்டத்தில் அறுபத்தொன்பதாம் படைப்பிரிவினருக்கு நினைவுச் சின்னம் உண்டு. சிப்பாய்களுக்கு நெடுங்காலம் இல்லாதிருந்து, பிற்காலத்தில் மக்கான் பகுதியில் நினைவுத் தூண் எழுந்தது. 2006-ஆம் ஆண்டில் இருநூறாம் ஆண்டு நிறைவுக்கு அஞ்சல் தலையும் வெளிவந்தது. இவை நல்லனவே. இரண்டு இடங்களுக்கும் நீங்கள் செல்ல வேண்டும் என்பது என் விருப்பம். தூண் நம்மவருக்கு, கல்லறை பிறருக்கு என்று பிரித்துவிடாதீர்கள். கடல் கடந்து வந்து கூலிக்குப் படையில் சேர்ந்து, நோய்ப் படுக்கையில் மாண்டவனுக்கும் ஒரு தாய் இருந்தாள்.

உங்களுக்குச் சில வேலைகள் சொல்லி முடிக்கிறேன். உங்கள் ஊரில் வயலோரத்திலும் ஏரிக்கரையிலும் நடுகல் நிற்கக்கூடும். அதனைச் சுரண்டாதீர்கள்; வண்ணம் பூசாதீர்கள். உருவத்தை வரைந்துகொண்டு, ஊர்ப் பெரியவர்கள் அதனைப் பற்றிச் சொல்வதை எழுதிக்கொண்டு, உங்கள் வரலாற்று ஆசிரியரின் வழியாகத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். வரலாறு பயிலும் கல்லூரி மாணவர்கள் சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் பழைய படை ஏடுகளைப் பார்க்க முயலுங்கள். வேலூரில் மாண்ட ஒரே ஒரு சிப்பாயின் பெயரை நீங்கள் கண்டெடுத்தாலும் அது பெருந்தொண்டாகும். அப்பெயரை ஜூலை 10-ஆம் நாள் உங்கள் வகுப்பில் உரக்கப் படியுங்கள். அன்று அந்த மாணவன் என்னிடம் கேட்ட வினாவுக்கு நான் தர முடியாத விடையை, உங்களுள் ஒருவர் தருவீர்கள் என்று நம்புகிறேன்.